ஆட்டின் ராணியும் அப்பிரதட்சிணமும்

விதிகளைக் கரைத்துக் குடித்தவனிடம் ஒரு ஆபத்து உண்டு. அவன் முதல் அத்தியாயத்தைப் படித்திருக்க மாட்டான். அது ஒன்றும் தெரியாதவர்களுக்கு என்று தள்ளிவிட்டு, நேராக அபராதங்கள் பகுதிக்குப் போயிருப்பான். பொதுவாகச் சொல்வதுபோலச் சொல்கிறேனே தவிர, எனக்குத் தெரிந்து அப்படிப்பட்ட ஆள் ஒருவன்தான். அவன் இப்போது பென்ஷன் வாங்கிக்கொண்டு இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். நான் திருத்தணி தாலுகா ஆபீசில் டெம்பரரி குமாஸ்தா. பட்டணத்தில் படித்து கணக்கில் பி.ஏ. வாங்கியிருந்தேன். ஆபீசில் வேறு எவரும் பி.ஏ. இல்லை என்பதை வந்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் தெரியப்படுத்தியும் இருந்தேன். எந்தக் காகிதம் எந்தப் பதிவேட்டில் ஏற வேண்டும், எந்தக் காகிதக் கட்டை எத்தனை வருஷம் வைத்திருந்து எரிக்க வேண்டும், நினைவூட்டல் எத்தனையாவது நாள் போக வேண்டும் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஹெட் கிளார்க்கையே திருத்துவேன். (மனிதர் தங்கம். என்னை அறையவில்லை.)

இவ்வளவு இருந்தும் நான் டெம்பரரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் ஆயுளை நீட்டித்து உத்தரவு வரும். அது வருகிறவரை ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்காது.

சோறு இறங்காததற்கு உண்மையான காரணம் மணவூரில் இருந்தது. அங்கே ரயில்வே ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தாவாக இருந்தவர் என் தாய்மாமன் முனிரத்தினம். அவருடைய மகள் ராஜம்மா. எனக்குத்தான் அவள் என்று இரண்டு வீட்டிலும் எப்போதோ பேசி வைத்தது. ஆனால் மாமா ரயில்வேக்காரர். அவருக்கு உலகத்தில் இரண்டே ஜாதி: பர்மனென்ட், டெம்பரரி.

"ஆர்டரை எடுத்தாந்து காட்டு, மறுநாளே பத்திரிகை அடிக்கிறேன்," என்பார். "அரக்கோணம் லோகோ ஷெட்ல ஒரு பையன் கீறான். பயர்மேன். பர்மனென்டு. அவங்க வூட்டு ஆளுங்க ஆடி முடிஞ்சதும் வந்து பாக்கறோம்னு சொல்லிகினு கீறாங்க. நான் இன்னும் ஒண்ணும் சொல்லலை."

இந்த 'இன்னும்' என்ற வார்த்தையை மாமா சொல்லும்போது, தூரத்தில் ஒரு இன்ஜின் கரியைக் கக்கிக்கொண்டு வருவது எனக்குத் தெளிவாகக் கேட்கும்.

அந்த ஆனி மாசக் கடைசியில் எங்கள் ஆபீசுக்கு வருஷாந்திரத் தணிக்கை வந்தது. தணிக்கை செய்ய வந்தவர் ஒரு டெபுடி கலெக்டர். தென்கோடி ஜில்லாக்காரர், மெலிந்த உடம்பு, மெலிந்த குரல். கோபம் வந்தால் குரல் இன்னும் மெலியும் என்று அவருக்கு முன்னால் நடுங்கிய தாலுகாக்களிலிருந்து தகவல் வந்திருந்தது. என்னைப் பர்மனென்ட் ஆக்கலாம் என்று மேலே எழுத வேண்டியவர் அவர்தான். என் காகிதம் அவர் பார்க்க வேண்டிய கட்டில் பதினோராவதாக இருந்தது. (கட்டை அடுக்கியவன் நான். முதலில் வைத்தால் அசிங்கமாகத் தெரியும் என்று பதினோராவதாக வைத்தேன்.)

அவருக்கு ஒரே ஒரு பலவீனம், பிரிட்ஜ் என்ற சீட்டாட்டம். வந்த முதல் சாயங்காலமே முகாம் பங்களாவில் எங்கள் தாசில்தாரையும் அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரையும் ஸ்டேஷன் மாஸ்டரையும் உட்கார வைத்து ஆடினார். எழுந்திருக்கும்போது தாசில்தார் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். ஏதோ சீமைப் பத்திரிகையில் வந்த சீட்டுப் புதிர்.

"திங்கட்கிழமை சாயங்காலம் நான் கிளம்பறேன். அதுக்குள்ள உங்க தாலுகாவில யாராவது இதை அவிழ்க்க முடியுமான்னு பாருங்க," என்றாராம்.

'உங்க தாலுகாவில' என்ற வார்த்தை தாசில்தாரைக் குத்திவிட்டது. சனிக்கிழமை பூராவும் அந்தத் தாளை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். மத்தியானம் கையெழுத்துக்குக் காகிதம் கொண்டுபோன நான், மேஜைமேல் அதைப் பார்த்துவிட்டேன்.

"பிரிட்ஜ் புதிரா சார்?"

"உனக்குத் தெரியுமா, தணிகாசலம்?"

இந்த இடத்தில் நான் "தெரியாது சார்" என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. உண்மை என்னவென்றால், ஹாஸ்டலில் ஒரு நண்பன் வைத்திருந்த பிரிட்ஜ் புத்தகத்தை ஒரு விடுமுறையில் படித்திருக்கிறேன். ஆட்டத்தை ஆடியதில்லை. ஆடுகிறவர்களைப் பார்த்ததும் இல்லை. ஆனால் புத்தகத்தைப் படித்தது முழுக்கப் படித்தேன், முதல் அத்தியாயம் நீங்கலாக. 'சீட்டையே தொடாதவர்களுக்கு' என்று அதற்குத் தலைப்பு. நானோ மணவூர் மாமாவோடு பத்து வயதிலிருந்து முந்நூற்றிநாலு ஆடுகிறவன். என்னையா சீட்டைத் தொடாதவன் என்கிறான் வெள்ளைக்காரன் என்று புரட்டிவிட்டேன்.

"நல்லா தெரியும் சார்," என்றேன்.

தாசில்தார் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தாளை என் பக்கம் தள்ளினார்.

"இதை மட்டும் நீ முடிச்சுக் குடு. உன் காகிதத்தைப் பத்தி நானே வாயால அவர்கிட்ட சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலேறி, அரக்கோணத்தில் மாறி, மணவூரில் இறங்கும்போது எனக்குத் தரையே தெரியவில்லை.

புதிர் இதுதான். நாலு பேர் நாலு திசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரும் புதிருமாக உட்காருகிறவர்கள் கூட்டாளிகள்: தெற்குக்கு வடக்கு, கிழக்குக்கு மேற்கு. ஆட்டம் முடியப் போகிறது, ஆளுக்கு நாலே சீட்டு மிச்சம். எல்லார் சீட்டும் படத்தில் தெரிகிறது. துருப்பு கிடையாது. தெற்கு ஆரம்பிக்க வேண்டும். மிச்சமுள்ள நாலு சுற்றையும் தெற்கும் வடக்குமே பிடிக்க வேண்டும். ஒன்றுகூட விடக்கூடாது.

இதில் மூன்று சீட்டை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். வடக்கின் கையில், சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் ஜாதியில், ஆஸும் ராணியும். கிழக்கின் கையில் ஆட்டின் ராஜா. ஆஸ் பெரிசு, அடுத்தது ராஜா, அதற்குக் கீழே ராணி. இந்த ராணியை ராஜாவிடமிருந்து காப்பாற்றிக் கரைசேர்ப்பதுதான் புதிரின் உயிர்.

மாமா வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து நாலு பேரும் உட்கார்ந்தோம். நான் தெற்கு. கிழக்கில் மாமா, மேற்கில் அத்தை. எதிரே வடக்கில், என் கூட்டாளியாக, ராஜம்மா. (இந்த ஏற்பாட்டுக்காகவே நான் தெற்கை எடுத்துக்கொண்டேன் என்பதை முப்பது வருஷம் கழித்து ஒப்புக்கொள்வதில் தப்பில்லை.)

முதல் சிக்கல், மாமாவின் சீட்டுக்கட்டில் இரண்டும் மூன்றும் கிடையாது. முந்நூற்றிநாலுக்கு அவை வேண்டாம் என்று எப்போதோ போய்விட்டன. பார்சலில் கட்டும் அட்டைச் சீட்டுகளைக் கிழித்து, ஆட்டின் இரண்டு, இஸ்பேட் இரண்டு, கிளாவர் மூன்று என்று ராஜம்மா எழுதிக் கொடுத்தாள். இரண்டாவது சிக்கல், மாமா.

"டேய், ஜாக்கி வெச்சிகினு கீறேன், ஒம்போது வெச்சிகினு கீறேன். இந்தக் கைக்கு நான் எரநூறு கேப்பேன். என்னாண்ட நீ நாலு சுத்தும் புடிப்பியா?"

முந்நூற்றிநாலில் ஜாக்கிதான் எல்லாவற்றுக்கும் பெரிசு, அடுத்தது ஒன்பது.

"மாமா, இது அந்த ஆட்டம் இல்லை. இதுல ஜாக்கி சின்னது. ஆஸ்தான் பெரிசு. அப்புறம் ராஜா, அப்புறம் ராணி, அதுக்கப்புறம்தான் ஜாக்கி."

"இன்னா ஆட்டம்டா இது. வேலைக்காரனை வுட்டுட்டு ராஜாவைத் தூக்கி மேல வெச்சிகினு."

இரண்டு ஆட்டத்துக்கும் உள்ள வித்தியாசங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். சீட்டின் உயர்வு தாழ்வு சொன்னேன். புள்ளிக் கணக்கு கிடையாது என்றேன். முறைதவறிச் சீட்டை இறக்கினால் என்ன அபராதம் என்பதை மூன்று உட்பிரிவுகளோடு சொன்னேன். அத்தை கொட்டாவி விட்டாள்.

பிறகு அட்டையில் எழுதிய ஆட்டின் இரண்டை நடுவில் வைத்தேன். என் வலது கைப்பக்கம் மாமா. அவர் கொஞ்சம் யோசித்து ராஜாவைப் பதுக்கிக்கொண்டு ஜாக்கியை இறக்கினார். எதிரே ராஜம்மா ராணியைப் போட்டாள். கடைசியாக அத்தை ஒரு ஒன்பதைப் போட்டாள். சுற்று எங்களுக்கு.

"இரு இரு," என்று மாமா எல்லாவற்றையும் திருப்பி எடுத்தார். இந்தத் தடவை ராஜாவையே இறக்கினார். ராஜம்மா ஆஸைப் போட்டுப் பிடித்தாள். மாமா ராஜாவைப் போட்டாலும் போச்சு, பதுக்கினாலும் போச்சு. மிச்ச மூன்று சுற்றும் தானாக வந்து விழுந்தது. எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. தாசில்தார் ஒரு நாள் பூராவும் சொறிந்த புதிர். நான் கால் மணியில்!

ராஜம்மா சீட்டுகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டே கேட்டாள்:

"பாவா, இவ்ளோ சுலுவா இருந்தா இதைப் பேப்பர்ல ஏன் போட்டான்?"

"உனக்குச் சுலபமாத் தெரியுது. நான் சொல்லிக் குடுத்ததால."

"ஆங்," என்றாள். அந்த 'ஆங்'குக்கு அர்த்தம் 'சரி' இல்லை என்று கண்டுபிடிக்க எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆயிற்று.

மாமா மட்டும் என் முதுகில் ஓங்கித் தட்டினார். "இவனுக்குச் சீட்டு கத்துக் குடுத்தது யாரு? நான்! போய்ச் சொல்லு உங்க டிப்டி கலெக்டராண்ட!"

திங்கட்கிழமை காலை ஆபீசுக்குப் போனதும், நான் விடையைத் தாசில்தாரிடம் வாயால் சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. சொல்லியிருந்தால் அவரே சிரித்து, என்னை விரட்டி, மானத்தைக் காப்பாற்றியிருப்பார். ஆனால் வாயால் சொல்வது முறை அல்லவே. குறிப்பு எழுதினேன். மேலே பொருள், அதற்குக் கீழே பார்வை, இடது ஓரத்தில் மூன்றில் ஒரு பங்கு இடம் விட்டு மடித்த முழுத்தாள். பத்தி ஒன்று: நிலவரம். பத்தி இரண்டு: பரிசீலனை. பத்தி மூன்று: பரிந்துரை. 'தெற்கு முதலில் ஆட்டின் இரண்டை இறக்கலாம். வடக்கு, நிலைமையை அனுசரித்து, ராணியையோ ஆஸையோ போடலாம். உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது.' அசல் இங்கிலீஷில் இன்னும் கம்பீரமாக இருந்தது.

அதை முறைப்படி ஹெட் கிளார்க் வழியாக அனுப்பினேன். வாழ்நாளில் சீட்டைத் தொடாதவர் அவர். ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டு மேலே அனுப்பினார். தணிக்கை அமளியில் இருந்த தாசில்தார் 'பார்த்தேன்' என்று எழுதி, தானும் சுருக்கொப்பம் போட்டார். நன்றாக எழுதிய குறிப்பை மேலதிகாரிகள் படிப்பதில்லை. தப்பும் தவறுமாக எழுதியதைத்தான் படிப்பார்கள். சர்வீஸ் முழுக்க நான் கண்ட உண்மை இது. அன்றைக்குத்தான் முதலில் கண்டேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு முகாம் பங்களா வராந்தாவில் மேஜை போட்டிருந்தது. எதிரே மலை. மேலே கோயிலில் மணி அடித்தது. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

டெபுடி கலெக்டர் என் குறிப்பை மேஜையில் வைத்துக்கொண்டு, பிரிக்காமல், "படிக்கறது அப்புறம். ஆடிக் காட்டுங்க," என்றார். நாலு நாலு சீட்டாக எல்லார் முன்னாலும் விரித்து வைத்தார்கள். நான் தெற்கில். எனக்கு நேர் எதிரே வடக்கில் தாசில்தார். வலது பக்கம் கிழக்கில் டெபுடி கலெக்டர். இடது பக்கம் மேற்கில் டாக்டர். டெம்பரரி குமாஸ்தா அதிகாரிகளுக்குச் சமமாக நாற்காலியில் உட்கார்ந்தது அந்தப் பங்களாவின் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும். ஹெட் கிளார்க் ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆட்டின் இரண்டை நடுவில் வைத்தேன். வைத்துவிட்டு, வலது பக்கம் திரும்பி, டெபுடி கலெக்டரைப் பணிவாகப் பார்த்தேன்.

அதற்குள் இடது பக்கத்திலிருந்து டாக்டர் ஒரு ஒன்பதைத் தூக்கிப் போட்டார்.

"டாக்டர் சார், கொஞ்சம் பொறுங்க. உங்க முறை இன்னும் வரலீங்க."

"என் முறையா? வரலையா?"

"இல்லீங்க. முறை தப்பிப் போட்டா அது அபராதச் சீட்டுங்க. அப்படியே மேஜைமேல திறந்தபடி கெடக்கணும். எதிராளி எப்போ சொல்றாரோ அப்போதான் எடுத்துப் போடணும். மூணு உட்பிரிவு இருக்குங்க அதுல."

டாக்டர் பிரிட்ஜ் ஆட ஆரம்பித்தபோது நான் பிறந்திருக்கவில்லை. அவர் தன் ஒன்பதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் நாடியைப் பிடித்துப் பார்க்கலாமா என்பதுபோல என் மணிக்கட்டைப் பார்த்தார்.

தாசில்தாரின் கண்கள் என்னை நோக்கி விரிந்தன. நிறுத்து என்று அந்தக் கண்கள் கத்தின. பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு தொடர்ந்தேன்.

"இந்தத் தடவை அபராதம் வேணாம், விட்டுடலாம். கிழக்கு சார் முதல்ல போடணும். அப்புறம் வடக்கு. கடைசிலதான் டாக்டர் சார்."

டெபுடி கலெக்டர் ஒன்றும் போடவில்லை. சாய்ந்து உட்கார்ந்தார். குரல் மெலிந்திருந்தது.

"மிஸ்டர் தணிகாசலம், பிரிட்ஜ் எங்கே கத்துக்கிட்டீங்க?"

"காலேஜ்ல சார்."

"யாரோட ஆடினீங்க?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "புஸ்தகத்தோட சார்."

"வேற என்ன ஆட்டம் தெரியும்?"

"முந்நூத்தி நாலு சார். மணவூர்ல எங்க மாமாவோட."

"ஓஹோ," என்றார். டாக்டர் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். எனக்கு இன்னும் விளங்கவில்லை. டெபுடி கலெக்டர் மேஜை நடுவில் கிடந்த ஆட்டின் இரண்டைத் தொட்டுக் காட்டினார்.

"இதுதான் மலைமேல இருக்கிற சாமின்னு வெச்சுக்குங்க. நீங்க இப்போ உட்கார்ந்திருக்கிற இடத்தில நின்னு சாமியைப் பார்க்கறீங்க. கும்பிட்டாச்சு. இனி பிரதட்சிணம் வரணும். எந்தப் பக்கம் நடப்பீங்க? விரலால காட்டுங்க."

சொன்னபடி செய்தேன். என் ஆள்காட்டி விரல் மேஜை ஓரமாக நடந்தது. இடது பக்கம் திரும்பி, டாக்டரைத் தாண்டி, தாசில்தாரைத் தாண்டி, டெபுடி கலெக்டருக்கு முன்னால் வந்தது. அங்கே நின்றுவிட்டது.

"பிரிட்ஜும் அப்படித்தான் சுத்தும்," என்றார் அவர். "உங்க மாமா ஆட்டம் இந்தப் பக்கம்," என்று தன் விரலைத் தலைகீழாகச் சுற்றிக் காட்டினார். "அப்பிரதட்சிணம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முந்நூற்றிநாலு வலது கைப்பக்கமாகச் சுற்றுகிற ஆட்டம். பத்து வயதிலிருந்து அப்படியே ஆடி, உலகத்தில் சீட்டு என்றால் அப்படித்தான் சுற்றும் என்று என் கையும் கழுத்தும் முடிவு கட்டியிருந்தன. மாமாவுக்கு ஆயிரம் வித்தியாசம் விளக்கிய நான், இதை ஒரு வித்தியாசமாகவே நினைக்கவில்லை. கிருத்திகைக்குக் கிருத்திகை இந்த மலைமேல் ஒழுங்காக வலம் வந்தவன்தான். பாயில் உட்கார்ந்து சீட்டைப் பிரித்தால் மட்டும் திரும்பிக்கொள்வேன்.

சுற்றுகிற பக்கம் மாறினால் எல்லாம் மாறிவிடும். மணவூரில் ராஜா வைத்திருந்த மாமா, ராஜம்மாவுக்கு முன்னால் சீட்டைப் போட்டார். அதனால் மாட்டிக்கொண்டார். சரியான சுற்றில் வடக்கு முந்திப் போட வேண்டும், கிழக்கு கடைசியில்தான் போடும்.

"இப்போ சரியாச் சுத்தலாம்," என்றார் டெபுடி கலெக்டர். "டாக்டர் ஒன்பது போட்டாச்சு. உங்க குறிப்புப்படி வடக்கு என்ன போடணும்?"

தாசில்தார் ராணியை எடுத்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ராணியின் முகத்தைப் பார்த்தேன். மெதுவாக மேஜையில் வைத்தார்.

டெபுடி கலெக்டர், ஒரு பூவை வைப்பதுபோல, அதன்மேல் ராஜாவை வைத்தார்.

நாலு சுற்றும் பிடிப்பேன் என்று வந்தவன், முதல் சுற்றிலேயே, முதல் சீட்டிலேயே போய்விட்டேன். ஜன்னல் பக்கம் ஹெட் கிளார்க் காணாமல் போயிருந்தார்.

பிறகு டெபுடி கலெக்டரே சரியான விடையை ஆடிக் காட்டினார். முதலில் தெற்கிலிருந்து இஸ்பேட் இரண்டை இறக்கி, வடக்கின் பெரிய சீட்டான இஸ்பேட் ஆஸை முதல் சுற்றுக்கே செலவழித்துவிட வேண்டும். பார்த்தால் பைத்தியக்காரத்தனம், ஏனென்றால் இதற்குப் பிறகு கிழக்கிடம் இருக்கும் இஸ்பேட் ராஜா பெரிசாகிவிடும். ஆனால் அடுத்து, தெற்கு தன் பெரிய கிளாவரால் பிடிக்கும்படி வடக்கிலிருந்து கிளாவர் மூன்றை இறக்கினால், கிளாவரே இல்லாத கிழக்கு எதையாவது தூக்கிப் போட்டே ஆக வேண்டும். இஸ்பேட் ராஜாவைப் போட்டால் தெற்கிடம் இருக்கும் இஸ்பேட் ராணி பெரிசு. ஆட்டினில் ஒன்றைப் போட்டால் ஆட்டின் ராஜா தனியாக நின்று ஆஸிடம் மாட்டும், ஆட்டின் ராணி பிழைக்கும். எப்படிப் பார்த்தாலும் ஒரு ராணிக்கு வாழ்வு. அவ்வளவு அழகு. என்னைத் தவிர வேறு யாராவது அவமானப்பட்டிருந்தால் கை தட்டியிருப்பேன்.

கடைசியில் அவர் என் குறிப்பைப் பிரித்தார். முழுக்கப் படித்தார். ஓரத்தைப் பார்த்தார்.

"இதில ஹெட் கிளார்க் கையெழுத்து இருக்கு. உங்களுதும் இருக்கு," என்றார் தாசில்தாரிடம்.

"பார்த்தேன் சார்," என்றார் தாசில்தார். பிறகு நேர்மையாக, "குறிப்பு ரொம்ப முறையா இருந்தது சார்," என்றார்.

"ஆமாம். ரொம்ப முறையா இருக்கு." பேனாவை எடுத்து என் குறிப்பின் கீழேயே உத்தரவு எழுதினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'வடிவம் நன்று. முடிவு தவறு. இந்தக் குமாஸ்தா எதையும் முதல் பக்கத்திலிருந்து படிக்கப் பழக வேண்டும். அவர் நியமனத்தை மூன்று மாதம் கழித்துப் பரிசீலிக்கலாம். இந்தக் காகிதத்தை நிரந்தரப் பதிவாகப் பாதுகாக்கவும்.'

ஆக, காகிதம் பர்மனென்ட் ஆயிற்று. எழுதியவன் ஆகவில்லை.

அடுத்த ஞாயிறு மணவூருக்கு நான் எப்படிப் போனேன் என்று கேட்காதீர்கள். ரயிலில் என்னைச் சுற்றி எல்லோரும் இடது பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. மாமா வாசலிலேயே, "ஆர்டர் எங்கடா?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். விரல் நடந்த கதைவரை.

மாமா விரல் விட்டு மாதத்தை எண்ணிப் பார்த்தார். பிறகு, "இன்னும் மூணு மாசமா? ஆடி முடிஞ்சா அவங்க வந்துடுவாங்களேடா," என்றார். அந்த வீட்டில் முதல் தடவையாக அவர் குரலில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது. அது மிரட்டலைவிட மோசமாக இருந்தது. அத்தை உள்ளே போய்விட்டாள்.

ராஜம்மா போகவில்லை. சமையல்கட்டு வாசலில் நின்றாள்.

"நைனா, பாவாவுக்குச் சீட்டு கத்துக் குடுத்தது யாரு?"

"நான்தான். அதுக்கு?"

"ஒன் ஆட்டத்தைத்தான அந்த டிப்டி கலெக்டரு அப்பிரதட்சிணம்னு சொல்லிக்கீறான்? பாவா தலையில போட்டுட்டு நீ சும்மா குந்திகினு கீறியே."

மாமா நிமிர்ந்தார். என் அவமானத்தை அதுவரை என் அவமானமாகவே பார்த்துக்கொண்டிருந்தவர், அதில் தன் பங்கு இருப்பதை அப்போதுதான் கண்டார். முகம் சிவந்தது.

"அப்பிரதட்சிணமா? எங்க அப்பன் ஆடின ஆட்டம்! ரேணிகுண்டா வரைக்கும் இப்படித்தான்டா சுத்தறான். எவனோ வெள்ளைக்காரன் தலைகீழா சுத்தினா, நாம தப்பா?"

"அதான் நைனா நானும் கேக்கறேன்," என்றாள் ராஜம்மா, வெகு சாதுவாக. "லோகோ ஷெட்காரரு எந்தப் பக்கம் சுத்துவாராம்?"

"அவனுக்குச் சீட்டே தெரியாதுன்னு சொல்லிகினாங்க," என்றார் மாமா. சொன்ன பிறகு அந்த வாக்கியத்தைத் தானே ஒருமுறை கேட்டுப் பார்த்தவர்போல உட்கார்ந்திருந்தார். கூட்டாளியில்லாமல் தனியாகப் பாயில் உட்கார்ந்திருக்கும் தன் முதுமை அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். பாயை எடுத்து விரித்தார்.

"குந்துடா. சீட்டுக்கட்டை எடுத்தா, ராஜம்மா. ஆவணில முகூர்த்தம் பாக்கலாம். ஆர்டர் வர்றப்போ வரட்டும். பேப்பரை பர்மனென்ட் பண்ணவன் ஆளைப் பண்ணாம எங்க போறான்?"

இஸ்பேட் ஆஸைத் தியாகம் செய்கிற வித்தையை டெபுடி கலெக்டர் பத்திரிகையிலிருந்து கற்றுக்கொண்டார். மாமாவை, எதையும் கைவிடவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் மடக்குகிற வித்தையை ராஜம்மா எங்கே கற்றாள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஆவணியில் மணவூரிலேயே கல்யாணம். தாலி கட்டிய பிறகு அக்கினியை வலம் வர எழுந்தோம். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு அடி எடுத்து வைப்பதற்குள், கூட்டத்திலிருந்து மாமா குரல்: "டேய்! பிரிட்ஜ் மாதிரி சுத்துடா! நம்ம ஆட்டம் மாதிரி சுத்திடாதே!" பந்தல் முழுக்கச் சிரித்தது. புரோகிதர் கையிலிருந்த நெய்க்கரண்டி தரையில் விழுந்தது. நான் சரியான பக்கம்தான் திரும்பியிருந்தேன். அதை ஒருவரும் நம்பவில்லை. இன்றும் நம்புவதில்லை.

மூன்று மாதத் தவணை முடிந்து பர்மனென்ட் உத்தரவு வந்தது. அதற்குப் பிறகு சர்வீசில் நான் எந்தப் புத்தகத்தையும் அட்டையிலிருந்து, அச்சிட்டவர் விலாசம் உட்படப் படித்துத்தான் ஆரம்பித்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் பென்ஷன் ஆபீசிலிருந்து ஒரு நீளமான படிவம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு நாளாக அதோடு மல்லுக்கட்டுகிறார். நான் மத்தியானம் உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் முடித்து, உறையில் போட்டு ஒட்டி, "இதெல்லாம் ஒரு படிவமா?" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

ராஜம்மா அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"இவ்ளோ சுலுவா இருந்தா அதை ஏன் பாவா அச்சடிச்சு அனுப்பறான்?"

உறையைக் கிழித்துப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்திலிருந்து பூர்த்தி செய்திருந்தேன். முதல் பக்கத்தில், பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.